பதிமூன்றாம் தேதி வந்த சொட்டு

பெரக்கரை நாடு
19.8.2024

அன்புள்ள பானுமதி அக்காவுக்கு,

உங்கள் சின்னம்மா கண்ணாயியின் மகள் பூங்குழலி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, அண்ணி, நான் நால்வரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். சேலத்தில் நீங்களும் அப்படி இருந்தால் போதும். ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் வராத உங்களுக்கு என் கடிதம் ஆச்சரியமாக இருக்கும். முகவரியைப் பெரியம்மா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழைய உறையிலிருந்து எடுத்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேல்முருகன் அண்ணன் போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதம் ஐந்தாம் தேதி சத்தீஸ்கருக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்த நல்ல போனும் அவனோடு போய்விட்டது. அப்பாவின் பட்டன் போனுக்கு எங்கள் மேட்டில் சிக்னல் கிடையாது, மேலே பாறைக்கு ஏறினால்தான் எப்போதாவது கிடைக்கும். அதனால்தான் கடிதம்.

நம் ஊரில் மாதவிலக்காகித் தூரமானவர்கள் ஐந்து நாள் இருக்கிற குடிசையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், காப்பிச் செடிகளுக்குள். இந்த மழையில் அதன் ஒரு சுவர் சரிந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி நான் அங்கே போனேன். அன்று இரவு தனியாக இருந்தேன். சரிந்த சுவருக்கு வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்டது. மாடு என்றால் கழுத்து மணி கேட்கும். காட்டுப்பன்றி என்றால் மண்ணைக் கிளறும். இது எதுவும் செய்யாமல் மூச்சு மட்டும் விட்டது. வயிற்றுப் பிள்ளையோடு அந்தக் குடிசையில் செத்துப்போன பொன்னாயி, பிள்ளை இல்லாத வெறும் வயிறு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருப்பாள் என்பார்களே, அது நினைவுக்கு வந்து விடியும்வரை வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாளிலிருந்து ருக்குமணி அண்ணியும் குடிசைக்கு வந்துவிட்டார்.

அண்ணியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கல்யாணமான மூன்று வருடமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவர். அண்ணிக்குக் கணக்குப்படி பதினேழாம் தேதிதான் வர வேண்டும். பதிமூன்றாம் தேதி புடவையில் ஒரே ஒரு சொட்டு. சிவப்புகூட இல்லை, வெளிறிய ரோஜா நிறம். அதன்பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் குடிசைக்குள் வந்தவள் ஐந்து நாள் முடியாமல் வெளியே போகக் கூடாதே. சுத்தமாக இருக்கிற துணியையே அண்ணி தினமும் ஓடையில் அலசிக் காயப்போட்டார். பதினேழாம் தேதியும் எதுவும் வரவில்லை.

இது என்ன அக்கா? நோயா? வேறு ஏதாவதா? நீங்கள் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் கேட்கிறேன். பதிலை என் பள்ளிக்கு, மணிமேகலை டீச்சர் பெயருக்குப் போடுங்கள். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார்.

பயத்தோடு,
பூங்குழலி

*

சேலம்
27.8.2024

என் கண்ணு பூங்குழலிக்கு,

உன் கையெழுத்து இவ்வளவு வளர்ந்திருக்கிறதா! நான் கிளம்பியபோது நீ ஐந்தாம் வகுப்பு. எனக்கு இங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. நீ முதலில் நன்றாகத் தூங்கு.

நீ கேட்டதற்கு வருகிறேன். கரு உருவாவது கருப்பையில் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கும் குழாயில். அங்கிருந்து ஐந்தாறு நாள் மெதுவாக உருண்டு கருப்பைக்கு வந்து சேரும். அப்போது அதன் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு சாமை அரிசியை எடுத்துக்கொள். அதில் பத்தில் ஒரு பங்கு. கருப்பையின் உள்பக்கம் அந்தச் சமயத்தில் மழை குடித்த காட்டு மண் மாதிரி பொதபொதவென்று இருக்கும். கரு அதில் போய் ஒட்டும். ஒட்டியதோடு நிற்காது. மெல்லத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே மூடிக்கொள்ளும். இதைத்தான் கரு பதிதல் என்கிறோம். அப்போது முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வெளியே வரும். வெளிர் ரோஜா நிறம், அல்லது காப்பிப்பொடி நிறம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மாதவிலக்கு வர வேண்டிய தேதிக்குச் சில நாள் முன்னால் வரும். நாலு பெண்களில் ஒருத்திக்குத்தான் வரும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

இங்கே கரு வைத்துக்கொண்டு போகிற பெண்கள் பத்துப் பதினைந்து நாள் தங்கள் உடம்பையே உளவு பார்த்துக்கொண்டிருப்பார்கள். மார்பு கனக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதா, வாசனை பிடிக்காமல் போகிறதா என்று. ஆனால் சொட்டை மட்டும் வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் உறைக்குள் ஒரு பரிசோதனை அட்டை வைத்திருக்கிறேன். காலையில் முதலில் போகிற சிறுநீரில் நாலு சொட்டு விட்டால் போதும். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் உண்டு.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு சொட்டு அண்ணியின் புடவையில் பட்டது ஊருக்கு எப்படித் தெரிந்தது? மூன்று வருடமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவள், நாலு நாள் முன்னால் வந்த ஒரு சொட்டுக்குத் தானாகவா குடிசைக்குப் போவாள்? யார் பார்த்தது?

ஊருக்கு நான் ஏன் வருவதில்லை என்று நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி.

உன் அக்கா,
பானுமதி

*

பெரக்கரை நாடு
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அட்டையும் பத்திரமாக வந்தன. இங்கே மழை விட்டுவிட்டது, பனி மட்டும் பகல் பத்து மணிவரை நிற்கிறது. அங்கே வெயில் எப்படி?

இரண்டு கோடு, அக்கா.

மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பார்த்தோம். முதல் கோடு உடனே விழுந்தது. இரண்டாவது, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ மேலே வருகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அண்ணி சத்தமே இல்லாமல் சிரித்தார். பிறகு அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். "உங்கண்ணனுக்கு நானே போன்ல சொல்லிக்கிறேன் கண்ணு. ஒரு மாசம் போகட்டும். வாய் விட்டா கண்ணு பட்டுரும்" என்றார்.

நீங்கள் சொன்ன எல்லாம் அண்ணிக்கு இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனைக்கு வெளியே ஓடுகிறார். ரவிக்கை இறுக்குகிறது என்று கொக்கியைத் தளர்த்தித் தைத்துக்கொண்டார். களை வெட்டும்போது மண்வெட்டியில் சாய்ந்து நின்றபடியே கண் அசந்துவிடுகிறார். அம்மா இன்னும் கவனிக்கவில்லை.

ஆனால் வேறு யாரோ கவனித்திருக்கிறார்கள். நேற்று குடிசையின் படியில் ஆறு கண்ணாடி வளையல் வைத்திருந்தது. புதிது. எங்கள் ஊரில் இப்போது யாருக்கும் வளைகாப்பு இல்லை.

அன்போடு,
பூங்குழலி

*

சேலம்
14.9.2024

கண்ணு பூங்குழலி,

உன் ஒரு வரியைப் படித்துவிட்டு வார்டில் இருந்த எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. நான் சுகமே.

ருக்குமணியை உடனே கிராம நர்ஸிடம் பதியச் சொல். ஃபோலிக் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். ஒரு மாதம் ஒளித்து வைக்கிற காரியம் இல்லை இது. கூடை சுமக்க விடாதே. வளையலை யாராவது பேய், காற்றுக்குப் பயந்து நேர்ந்து வைத்திருப்பார்கள், அதை விடு.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. யார் பார்த்தது?

பானுமதி

*

பெரக்கரை நாடு
20.9.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

புதன்கிழமை அண்ணி அடுப்படியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே இன்னொரு கையில் விரலை மடக்கினார்.

"அவன் கெளம்புனது அஞ்சாந்தேதி. நீ தூரமானது பதிமூணு. அப்பறம் இது ஆருது ருக்கு?"

"அது தூரமில்லீங்க அத்தே. ஒரே ஒரு சொட்டுங்க."

"ஒரு சொட்டுக்கா அஞ்சு நாளும் துணி அலசுன? ஊரே பாத்துச்சே!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

சிக்னல் இருக்கிற செம்மேட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டோம். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் துளைபோடுகிற மெஷின் சத்தத்துக்கு நடுவில் அண்ணன், "பதிமூணாந்தேதி நீ குடிசையில இருக்கறன்னு அம்மாதான சொல்லுச்சு. எனக்குக் கணக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவில்லை.

ஊரில் இரண்டு பேச்சு ஓடுகிறது. ஆள் யாரோ குடிசைக்கு வந்து போயிருக்கிறான் என்பது ஒன்று. அப்படியென்றால் ஊர்க்கவுண்டர் மாணிக்கம் மாமா அண்ணியை ஊரை விட்டு ஒதுக்கிவிடுவார். வெறும் வயிற்றில் பொன்னாயி வந்து உட்கார்ந்துவிட்டாள் என்பது இன்னொன்று. அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். இரவு அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"ஆம்பளைன்னா புள்ளைய வெளிய தள்ளிப்போடுவாங்க. பொன்னாயின்னா எறக்கி உட்டுட்டு ஊட்டுலயே வெச்சுக்கலாம். நல்ல புள்ளைங்க அது. எனக்கு அது வேணுங்க."

"எறக்கறதுன்னா?"

"வைத்தியக்காரி பாப்பாயி வேர் அரைச்சுத் தர்றன்னுருக்கா. அமாவாசைக்கு."

மகாளய அமாவாசை அக்டோபர் இரண்டாம் தேதி, அக்கா.

அன்றிலிருந்து அம்மா அண்ணிக்கு இரண்டு தட்டு வைக்கிறார். ஒன்று அண்ணிக்கு. இன்னொன்றில் உப்பில்லாத சாமைச் சோறு, அண்ணிக்குப் பக்கத்தில். யாரும் அதைத் தொடுவதில்லை. காலையில் பார்த்தால் காலியாக இருக்கிறது. நாய் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் நாய் உள்ளே வராது.

குடிசையில் என்ன பார்த்தாய் என்று அம்மா என்னிடம் கேட்டார். நானும் ஏதோ சொன்னேன்.

என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

பூங்குழலி

*

சேலம்
23.9.2024

பூங்குழலி,

நலம் விசாரிக்க நேரமில்லை. நன்றாகக் கவனித்துக்கொள்.

பாப்பாயி அரைக்கிறதை அவள் வாயில் வைக்கக் கூடாது. பார்த்தால் மோர் மாதிரி இருக்கும், நனைந்த சாக்கு வாசனை அடிக்கும். நாக்கு முதலில் மரத்துப்போகும். பிறகு இடுப்பிலிருந்து ஆரம்பிக்கும். கரு மட்டும் போவதில்லை. ரத்தம் நிற்காமல் தாயும் போவாள். பிழைத்தாலும் பிறகு அந்த மண்ணில் எதுவும் ஒட்டாது.

ஊருக்குக் கணக்குத்தான் வேண்டும் என்றால் கணக்கு என்னிடம் இருக்கிறது. ஸ்கேனில் குழந்தையைத் தலையிலிருந்து உட்காரும் இடம்வரை அளப்பார்கள். இந்த ஆரம்ப வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளரும். நான்கைந்து நாளுக்கு மேல் பிசகாது. பதிமூன்றாம் தேதி வந்தது உண்மையான மாதவிலக்கு என்றால், இம்மாதக் கடைசியில் குழந்தை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அது கரு பதிந்த சொட்டு என்றால், மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அந்த அளவை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. எப்படியாவது அவளைக் கீழே கூட்டி வா.

அம்மாவிடம் என்ன சொன்னாய்? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், அந்தச் சொட்டை யார் பார்த்தது?

பானுமதி

*

பெரக்கரை நாடு
26.9.2024

அக்கா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தக் கசாயத்தின் வாசனை உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுத வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் மூன்று நாள் பாப்பாயி வீட்டில் இருந்ததும், பெரியம்மா எங்களை அந்தப் பக்கம் விடாததும் எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் சொல்லிவிடுகிறேன். பார்த்தது நான்தான்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் அண்ணி எனக்குச் சோறு கொண்டுவந்தார். குடிசைக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பியபோது புடவையின் பின்பக்கம் அந்தச் சொட்டு தெரிந்தது. சொன்னேன். அண்ணி புடவையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது அதில்ல கண்ணு, நாளு இன்னும் இருக்குது. நாளைக்கும் வந்தா நானே வாரேன். அதுவரைக்கும் அத்தைகிட்டச் சொல்லிராத" என்றார்.

ஆனால் நான் அந்த ராத்திரியையும் தனியாக இருக்க வேண்டும். வெளியே அந்த மூச்சு. நான் ஓடைக்கரைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, அண்ணி தூரமாயிட்டாங்க" என்று கத்தினேன். ஊருக்கே கேட்டது. அம்மா, "நெசமாவா? நெறையவா?" என்று கேட்டார். நிறைய என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அக்கா.

இன்னும் இருக்கிறது. குடிசையில் என்ன பார்த்தாய் என்று அம்மா போன வாரம் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடிப்பார், பள்ளியை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். "அண்ணிக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி படுத்திருந்தாள்" என்று சொல்லிவிட்டேன். அப்படி யாரும் இல்லை. இருட்டில் ஒரு தேம்பல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால் அது அண்ணி துணியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதது. நான் சொன்ன இன்னொருத்திக்குத்தான் அம்மா தினமும் இரண்டாவது தட்டு வைக்கிறார்.

நேற்று சாயங்காலம் அம்மா வாசலில் நின்று, "பொன்னாயி" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க?" என்று திரும்பினார். பிறகு தான் செய்தது தெரிந்து அப்படியே நின்றார். எல்லோரும் ஒரு வாரமாக அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அண்ணிக்கே அது பழகிவிட்டது. எனக்குப் பொன்னாயியைவிட அது பயமாக இருக்கிறது.

என்னால் அண்ணியைத் தனியாகக் கூட்டி வர முடியாது. மலைப்பாதையில் எழுபது வளைவு இறங்குவதற்குள் யாராவது பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும். வாருங்கள்.

பூங்குழலி

*

சேலம்
3.10.2024

அன்புக் கண்ணு பூங்குழலிக்கு,

அமாவாசை நேற்றோடு போனது. நான் சுகம். உன் கன்னத்து வீக்கம் வடிந்ததா?

உன் கடிதம் கண்டு நான் மேலே வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டை நெருங்கியபோது, உன் அம்மா என்னை அடையாளம் கண்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் நான் பாதி திரும்பிவிட்டேன். இது உனக்குத் தெரியாது. மாணிக்கம் மாமா, பாப்பாயி, அத்தனை பேருக்கும் நடுவில் நீ வந்து, "நெறையன்னு நான் பொய் சொன்னேன், இன்னொருத்தி படுத்திருந்தான்னதும் பொய்யி" என்று சொன்ன பிறகுதான் நான் வாசலுக்கு வந்தேன். சின்னம்மா அடித்த அடிக்கு நீ அழவில்லை. "இன்னும் அடிங்க, அண்ணிய மட்டும் அனுப்புங்க" என்றாயே, அதற்குப் பிறகு மாமாவே வழி விட்டுவிட்டார்.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். ஸ்கேன் அறையில் ருக்குமணி என் மணிக்கட்டைப் பிடித்த தடம் இன்னும் இருக்கிறது. டாக்டர் அளந்தார். முப்பத்து மூன்று மில்லிமீட்டர். பத்து வாரம், இரண்டு நாள். அதாவது கரு உருவானது ஆகஸ்ட் மூன்றாம் தேதி வாக்கில். வேல்முருகன் கிளம்புவதற்கு முன்னால். பதிமூன்றாம் தேதியோடு கணக்குப் பார்த்தால் பத்தாவது நாள். இதயத் துடிப்பைப் போட்டுக் காட்டினார்கள். ருக்குமணி, "இத்தன வேகமா ஓடுதுங்களே, இதுக்கும் பயமா?" என்று கேட்டாள்.

ஸ்கேன் படத்தை உன் அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். இன்னும் பதில் இல்லை. ருக்குமணி திண்ணனூர் நாட்டில் தன் தாய் வீட்டில் இருக்கட்டும், அவள் அப்படித்தான் கேட்டாள். டாக்டர் இருபது கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

அந்தக் கசாயத்தைப் பற்றியும் பாப்பாயி வீட்டைப் பற்றியும் நீ கேட்டதற்கு ஒரே வார்த்தையில் சொல்கிறேன். ஆமாம். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

உன் அக்கா,
பானுமதி

*

பெரக்கரை நாடு
9.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் உள்ளே இருக்கிறவரும் நலமா? நன்றாகச் சாப்பிட முடிகிறதா? உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அம்மா இப்போது இரண்டாவது தட்டு வைப்பதில்லை. ஆனால் சோறு போடும்போது கை அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. ஸ்கேன் மெஷினையே பொன்னாயி ஏமாற்றிவிட்டாள் என்று பாப்பாயி சொல்லிக்கொண்டு திரிகிறாள். மாணிக்கம் மாமா, "மெஷினு எந்தக் காலத்துல பேய்க்குப் பயந்துச்சு, போ புள்ள" என்று விரட்டிவிட்டார். அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும், "அவ அன்னைக்கே சொன்னாளே, ஒரு சொட்டுன்னு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி, நான் தனியாக இருக்கப் பயந்து உங்களை இழுத்துவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா? பதில் எழுதாவிட்டாலும் சரி.

பூங்குழலி

*

திண்ணனூர் நாடு
23.10.2024

பூங்குழலி கண்ணுக்கு ருக்குமணி எழுதுவது.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், பிழை இருந்தால் சிரிக்காதே. அத்தையும் மாமாவும் சௌக்கியமா? மிளகு காய் பிடித்துவிட்டதா? உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

நீ ஓடைக்கரையில் நின்று நிறைய என்று கத்தியது எனக்கு அன்றைக்கே கேட்டது. நான் வீட்டுக்குள்கூடப் போயிருக்கவில்லை. பாயைச் சுருட்டும்போது உன்மேல் வந்த கோபம் குடிசைக்கு வந்து உன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அப்படி வெளுத்துப்போய் இருந்தாய். பிறகு அடுப்படியில் நான் உன்னைப் பார்த்தபோது நீ அடுப்பைப் பார்த்தாய். அந்தக் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. மன்னித்தேனா என்றால் தெரியாது கண்ணு.

உன் அண்ணன் போன வாரம் எங்கள் சித்தப்பா போனுக்குப் பேசினார். பேசவில்லை, அழுதார். தீபாவளிக்கு வருகிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பானுமதி வருவதற்கு முந்தின நாள் விடியற்காலையில் பாப்பாயி வந்து, உடம்பு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு மடக்குக் கசாயம் கொடுத்தாள். அத்தை என் தலையைப் பிடித்துக்கொண்டார். பாதியைத் துப்பிவிட்டேன். பாதி இறங்கிவிட்டது. டாக்டரம்மா நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னேன். சொல்லியிருந்தால் அத்தையைப் போலீஸில் பிடித்துக் கொடுத்திருப்பார்கள்.

மூன்று நாளாக இடுப்பு வலி. துணியில் கொஞ்சம் கறுப்பாகப் படுகிறது. பானுமதி சொன்னாளே, கரு ஒட்டும்போது வருகிற ரத்தம், இதுவும் அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது போல. உன் அண்ணன் வருகிற நேரத்தில் எதையும் கிளப்ப வேண்டாம். இதை உன்னோடு வைத்துக்கொள்.

ருக்குமணி

*

பெரக்கரை நாடு
25.10.2024

அண்ணி,

உங்கள் கடிதத்தை மணிமேகலை டீச்சர் சாயங்காலம் பள்ளி விடும்போது கொடுத்தார். வழக்கம்போல எல்லோரும் தூங்கிய பிறகு பிரித்தேன். பஸ்ஸிலேயே பிரித்திருக்க வேண்டும்.

இது ஒட்டுகிற ரத்தம் இல்லை, அண்ணி. ஒட்டுவது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அக்கா முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறார், நான் நாலு முறை படித்துப் பார்த்தேன். அது ஒரு நாள், இரண்டு நாள், அதுவும் ஆரம்பத்தில் மட்டும். மூன்றாவது மாதம் முடிந்த பிறகு இடுப்பு வலியோடு வருவது வேறு. அது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உடனே பார்க்க வேண்டும். நீங்கள் எழுதி இரண்டு நாள் ஆகிவிட்டது.

அதனால் சொல்லிவிட்டேன்.

அம்மாவை எழுப்பி உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். தலையைப் பிடித்துக்கொண்டார் என்ற வரியையும் விடாமல் படித்தேன். அம்மா அதை மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நானே சொல்றேன், என்ன வேர்னு பாப்பாயிகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்று அந்த இருட்டிலேயே இறங்கிப் போனார். இப்போதுதான் வந்தார். வேரில் ஒரு துண்டை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.

அப்பா சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய் பானுமதி அக்காவிடம் பேசிவிட்டார். அக்கா திட்டிக்கொண்டே, "கூடை, குடம் எதையும் தூக்கக் கூடாது, படுக்க வைத்தே கொண்டு வாருங்கள், அடிவாரத்தில் 108 நிற்கும்" என்றாராம். குழந்தைக்கு என்ன ஆகும் என்று அப்பா கேட்டதற்கு, பார்த்தால்தான் தெரியும் என்றாராம். அக்காவும் சேலத்திலிருந்து கிளம்பிவிட்டார்.

மாணிக்கம் மாமா ஜீப்பைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், வாசல் விளக்கில் வைத்து இதை எழுதுகிறேன். இது தபாலில் வராது. விடிவதற்குள் நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பேன். நேரில் பார்த்தால் எனக்குப் பேச வராது, நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். சொல்லாதே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே.

வாசலில் அம்மா நிற்பார். அவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். என்னைத் திட்ட வேண்டியதை வழியெல்லாம் திட்டுங்கள், ஜீப்பில் உங்கள் தலை என் மடியில்தான் இருக்கும், ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு வருகிறேன். மன்னிக்கிறதை எப்போது வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

படித்து முடித்துவிட்டீர்களா? என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள், அண்ணி.